எட்டு போடச் சொன்ன மாஸ்டர்

காரை நிறுத்தியதும் மாஸ்டர் குனிந்து அதன் அடிவயிற்றைப் பார்ப்பார். வரும் வழியில் ஏழு வேகத்தடை, எங்கேயாவது உரசியிருந்தால்? திருப்தியான பிறகுதான் மறுபக்கக் கதவைத் திறந்து, உள்ளே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்குக் கை கொடுப்பார். அந்த அம்மாளுக்கு எட்டாம் மாதம். "ஒண்ணு, ரெண்டு, மூணு... இழுங்க!" என்று அவரே எண்ணிக்கொள்வார்.

மாஸ்டருக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பகலெல்லாம் பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா, உங்களை யாரு துரத்துறா?" என்று பாடம். சாயங்காலம் ஆனால் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் தெருவே அலற வீட்டுக்கு வருவார். சைலன்சரை மாற்றி, தரையோடு தரையாக இறக்கி, பின்னால் இறக்கை மாட்டி, பதினோரு வருடமாக இழைத்த வண்டி அது. எடையைக் குறைக்கப் பின் சீட்டையே கழற்றி எறிந்துவிட்டார். "எடை கூடிட்டே போறது நான்தான். என்னையும் கழட்டி வச்சிடாதீங்க" என்பார் மனைவி.

பிள்ளை பிறந்தால் எங்கே வைப்பது? இதை விற்றுவிட்டுக் குடும்பத்துக்கு ஏற்ற கார் வாங்குவதென்று முடிவாயிற்று. முடிவெடுத்தது மனைவி. மாஸ்டர் தலையாட்டினார், அவ்வளவுதான்.

வாங்க வந்தவர்களைப் பயிற்சி மைதானத்துக்குக் கூட்டிப்போய், "எங்க, ஒரு எட்டு போடுங்க பார்ப்போம்" என்றார். லைசென்ஸ் வாங்கப் போடுவார்களே, அதே எட்டு! பாவம், போட்டார்கள். பல் டாக்டர் கண்ணாடி பார்க்கவில்லை, ஃபெயில். பேங்க் மேனேஜர் இண்டிகேட்டரை அணைக்க மறந்தார், ஃபெயில். மூன்றாமவர் எல்லாம் சரியாகச் செய்துவிட்டுக் கதவைக் கொஞ்சம் ஓங்கிச் சாத்தினார். "இவ்வளவு கோவம் ஆகாதுங்க" என்று அனுப்பிவிட்டு, வீட்டில் வந்து, "ஒருத்தனும் சரிப்பட்டு வரலை" என்று உச்சுக் கொட்டினார்.

பல் டாக்டர், மாஸ்டரின் வீட்டுக்கே போன் போட்டு மனைவியிடம் புலம்பியதில் குட்டு வெளிப்பட்டது.

"எனக்கே எட்டு முடியப்போகுது, நீங்க இன்னும் ஊரையே எட்டு போட வச்சிட்டிருக்கீங்க! ஆஸ்பத்திரியிலேருந்து பிள்ளையை அந்த இறக்கை மேல வச்சா கொண்டு வரப்போறீங்க?"

மாஸ்டர் கையிலிருந்த கார் சாவியைக் கீழே வைத்தார். பிறகு, "பயமா இருக்கு" என்றார்.

"காரை விக்கவா?"

மாஸ்டரின் பார்வை மனைவியின் வயிற்றுக்குப் போயிற்று.

மறுநாள் வந்தவர் ஐம்பது வயது நர்ஸம்மா. மாஸ்டரிடமே ஓட்டப் பழகியவர்; ஒரே நாளில் பத்தொன்பது தடவை வண்டியை ஆஃப் பண்ணிய சாதனைக்காரி. "பசங்க ரெண்டும் வேலைக்குன்னு தனியாப் போயிட்டாங்க மாஸ்டர். அம்மாம்பெரிய காருல ஒத்தையாப் போனா பஸ் ஓட்டுற மாதிரி இருக்கு. மாத்திக்கலாமா?"

எட்டு போடச் சொன்னார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கண்ணாடி, இண்டிகேட்டர், கிளட்ச், ஒன்றையும் அந்த அம்மா விடவில்லை. கதவைக்கூட அலுங்காமல் சாத்தினார்.

"எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுதானே மாஸ்டர்!"

வைத்த தேர்வே காலை வாரிவிட்டது. வேறு வழி? பாஸ் என்றார்.

நர்ஸம்மா சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு போன சத்தம் இரண்டு தெருவுக்குக் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை, பயிற்சிக்குக் காத்திருந்த இரண்டு பேர் நன்றாகவே பார்த்தார்கள்.

சாம்பல் நிறப் பெரிய கார் மைதானத்தில் நின்றது. ஏறி உட்கார்ந்தார். திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார். அது ரொம்ப நீளமாக இருந்தது. சாவியைத் திருகப் போனவர், திருகாமல் இறங்கினார். இருபத்திரண்டு வருடமாகக் கற்றுக்கொடுக்கிற மனிதர், பயிற்சிக் காரின் பின்னால் தொங்கிய 'எல்' போர்டை அவிழ்த்து வந்து, தன் காரின் பின்னால் இறுக்கிக் கட்டினார்.