இரண்டாவது காற்றுப்பை

யட்டியாந்தோட்டைக் கடைவீதிக்குப் பின்னால் இருக்கிறது என் கராஜ். முப்பது வருடமாக லொறிகளுக்கும் தோட்டத்து ட்ரக்டர்களுக்கும் அடியில் படுத்து எழும்புகிறவன் நான். வேலை தெரிந்தவனைச் சிங்களத்தில் ‘பாஸ்’ என்று கூப்பிடுவார்கள். ஊரில் எல்லோருக்கும் நான் பாஸ்தான். என் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள், கேலிக்கு. “பெரிய பாஸு! தான் புடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கிற பாஸு!” என்பாள். அவள் சொன்னதில் பொய் இல்லை.

அவள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். முதுகெலும்பில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோது ஒன்றும் செய்வதற்கில்லை. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கூட்டிவந்தேன். எங்கள் தோட்டத்து ரோட்டைப் பற்றி நான் சொல்லத் தொடங்கினால் கெட்ட வார்த்தைதான் வரும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் சேலைத் தலைப்பைக் கடித்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. வீட்டு வாசலில் அவளைத் தூக்கி இறக்கும்போது சொன்னேன்: “இனிமே ஒரு குலுக்கலும் ஒனக்கு இல்ல. சத்தியம்.”

அதற்குப் பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஓப்பநாயக்கவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவளுடைய அக்கா இருந்தார். சின்ன வயதில் தாயை இழந்த இவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர். “ஒரே ஒரு தடவ அக்கா மடியில தல வச்சுப் படுத்துட்டு வந்துர்றேங்க. பொறகு என்ன வேணா ஆகட்டும்.”

என் கராஜில் அப்போது நாலு மாதமாக ஒரு வண்டி நின்றது. பக்கத்து ஊர்ச் சிங்கள ஐயா ஒருவருடையது; மாத்தயா என்று கூப்பிடுவோம். அவருடைய அப்பா காலத்தில் சீமையிலிருந்து வந்த பழைய வீட்டு வண்டி. உள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. பின் அச்சுக்கு மேல் வில் தகடுகளுக்குப் பதிலாக இரண்டு ரப்பர் பைகள். அவற்றில் காற்று நிற்கும்வரை வண்டி பள்ளத்தில் இறங்கினாலும் உள்ளே படுத்திருப்பவருக்குத் தெரியாது. இரண்டும் வெடித்துப்போய், வண்டி பின்பக்கம் குந்திக்கொண்டிருந்தது. புதுப் பைகள் போட்டால் ஒரு நாள் வண்டியைத் தருவீர்களா என்று மாத்தயாவிடம் கேட்டேன். எதற்கென்று சொன்னதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “சரி பாஸ், வேண்டிய நாள் வைத்துக்கொள்ளுங்கள்” என்று சிங்களத்தில் சொல்லி, பைகளுக்கு அன்றைக்கே ஓடர் கொடுத்தார்.

நான் அன்றைக்கே அக்காவுக்குப் போன் எடுத்தேன். “நீங்க வராதீங்கக்கா. அந்த முழங்கால வச்சுக்கிட்டு மூணு பஸ் ஏறி எறங்க வேணாம். நாங்களே வர்றோம். அவள ராணி மாதிரி படுக்க வச்சுக் கூட்டிட்டு வர்றேன்.”

பைகள் கப்பலில் வந்தன. அதாவது, வந்துகொண்டே இருந்தன. அவளுக்கு அதில் ஒரு சிரிப்பு. “நாம வெட்டுன பாலுதான் கப்பலேறிப் போயி, பையா மாறித் திரும்பக் கப்பல்ல வருதாக்கும். அதுக்கு நாமளே காத்துக் கெடக்கணும்!” சிரித்தால் முதுகு வலிக்கும், ஆனாலும் சிரித்தாள்.

மூன்று வாரம் கழித்துப் பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் ஒன்று சரி, மற்றது அளவு தப்பு. சரியானதை வலது பக்கம் போட்டேன். இடது பக்கத்துப் பழைய பைக்கு ஒட்டுப் போட்டுக் காற்றடித்தேன். பாதி உயரத்தில் நின்றது.

“அப்ப ஞாயித்துக்கெழம போவோம்” என்றாள்.

“சோடியாத்தான் மாத்தணும். ஒரு பக்கம் ஒசந்து ஒரு பக்கம் தாந்து போனா, வளைவுக்கு வளைவு ஒன்னப் பொரட்டிப் போட்டுரும்.”

“பொரட்டுனா பொரட்டட்டும். இல்லாட்டி ஆட்டோவுலயே போவோங்க. நான் பல்லக் கடிச்சுக்கிறேன்.”

“வாய மூடு. சத்தியம் பண்ணியிருக்கேன்ல!”

நோயாளியிடம் இப்படியா கத்துவது? நான் கத்தினேன். வேலையைப் பற்றி யாராவது எனக்குச் சொல்லித்தந்தால் எனக்குப் பொறுக்காது. “ஆறுன கஞ்சி பழங்கஞ்சிங்க” என்று மட்டும் அவள் சொன்னாள். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. சம்மதித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன், மடையன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா போன் எடுப்பார். “நான் வந்துரட்டுமா தம்பி?” வேண்டாம் என்பேன். இன்னும் பத்து நாள் என்பேன். போனை அவள் காதில் வைத்தால், “பாஸ் கூட்டிட்டு வருவாரு அக்கா” என்பாள். எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள் என்று இப்போது தெரிகிறது.

இரண்டாவது பை வர மேலும் மூன்று வாரம் ஆனது. வந்த அன்று நான் சாப்பிடக்கூட இல்லை. ஜாக்கியில் தூக்கி, சட்டத்துக்கு அடியில் ரப்பர் மரக்கட்டைகளைக் கொடுத்து, துருப்பிடித்த போல்ட்டுகளை டீசல் ஊற்றி ஊற்றிக் கழற்றினேன். பை முறுக்கிக்கொள்ளாமல் உட்கார வேண்டும்; கொஞ்சம் காற்று ஏற்றின பிறகுதான் பாரத்தை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பில் நசுங்கிவிடும். எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். சவர்க்காரத் தண்ணீர் பூசினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு வண்டி நிமிர்ந்து நின்றது.

அப்போதே போயிருக்கலாம். ஆனால் காற்றோடு ஒரு ராத்திரி நிறுத்திவைத்து, உயரம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, போல்ட்டுகளை மறுபடி இறுக்காமல் நான் ஆள் ஏற்றுவதில்லை. முப்பது வருடப் பழக்கம். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் கண்ணைத் திறந்து, “நாளைக்கா?” என்றாள்.

“நாளைக்குக் காலையில. சத்தியமா.”

“அக்காவுக்குச் சொல்லிருங்க.” சொன்னேன்.

பக்கத்து வீட்டு அம்மாவை அவளுக்குத் துணைக்கு வைத்துவிட்டு விடிந்ததும் கராஜுக்குப் போனேன். உயரம் ஒரு நூல்கூட இறங்கவில்லை. போல்ட்டுகள் அசையவில்லை. கட்டிலில் இரண்டு மெத்தை போட்டு, புது விரிப்பு விரித்து, வண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஏறினேன். அந்தப் பாழாய்ப்போன ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். லயத்து வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். வண்டி பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஹார்ன் அடித்தேன். இரண்டு தரம் அடித்தேன்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

பின்னேரம் அக்கா வந்தார். இரத்தினபுரியில் மாறி, அவிசாவளையில் மாறி, மூன்று பஸ்ஸில், அந்த முழங்காலோடு. நேரே போய்த் தரையில் உட்கார்ந்து தங்கையின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கத்தி அழுவார், என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். “வராதீங்கன்னு சொன்னீங்களே தம்பி” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பதில் அவர் என்னை அறைந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்து அக்காவை அந்த வண்டியிலேயே கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் ஒரு குலுக்கல் கிடையாது. என் வாழ்க்கையில் நான் செய்த ஆக நல்ல வேலை அதுதான். ஒரு பை வெடித்து வண்டி பள்ளத்தில் இறங்காதா என்று ஒவ்வொரு வளைவிலும் ஏங்கினேன்.

அக்காவின் வீட்டில் முன் அறை முழுவதையும் ஒரு கட்டில் அடைத்துக்கொண்டிருந்தது. தங்கை குனிய முடியாதவள் என்று நாலு காலுக்கும் கீழே செங்கல் வைத்து உயர்த்தி, சேலையை மடித்து மடித்து மெத்தையாகப் போட்டிருந்தார். நான் முதல் தரம் போன் எடுத்த அன்றைக்கே போட்டாராம். எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

அக்கா சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்தார். பிறகு குனிந்து செங்கல்லைத் தள்ளினார்.

“இரவல் கட்டிலு தம்பி. கீழ் லயத்துப் பெரியவரோடது. ஆறு வாரமா மனுசன் தரையில படுத்துக் கெடக்காரு. அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க, குடுத்துட்டு வந்துரலாம்.”

நான் பிடித்தேன்.