செட் ஆகிற சத்தம்

அக்கா கணவரை அவருடைய மோட்டார் ரிப்பேர் பட்டறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'காது' என்றால்தான் தெரியும். ஓடுகிற தண்ணீர் பம்பின் மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரை வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார். எந்தப் பேரிங் போயிருக்கிறது என்று கழற்றாமலே சொல்லிவிடுவார். அதோடு விட்டால் பரவாயில்லை. பம்பு கொண்டு வந்தவரையும் ஒரு பிடி பிடிப்பார்.

"சத்தம் கேட்ட அன்னிக்கே வந்திருந்தா பேரிங்கோட போயிருக்கும். இப்ப ஷாஃப்டே தேஞ்சு போச்சு. காதுல பஞ்சா வச்சிருந்தீங்க?"

ஐம்பத்தோரு வயதில் அவருக்கு இடுப்பில் செயற்கை மூட்டு வைத்தார்கள். உலோக உருண்டை, அது சுழல ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். வருடா வருடம் எக்ஸ்ரே எடுக்கச் சொன்ன சீட்டை டூல்பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்தார். ஒட்டியதோடு சரி.

மூன்றாம் வருடம், நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் தொடை இடுக்கில் வலி வந்தது. அக்கா நச்சரித்தாள்.

"புது பேரிங் செட் ஆக நாளாகும். எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றார் மாமா.

"மூணு வருஷமாவா செட் ஆகும்?"

"ஓட ஓடத்தான் ஆகும்."

சொன்னதோடு நில்லாமல், இரண்டு நிறுத்தம் முன்பே பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தார். என்ன பிடிவாதம் அது! இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் மதியம், பக்கத்து மேசையில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார். அவர் இடுப்புக்கு அவர் காது எட்டாதே. ஸ்க்ரூடிரைவரை என் கையில் கொடுத்து, நுனியை இடுப்பெலும்பில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார். காலைத் தூக்கி இறக்கினார். 'டக்' என்றது. இன்னொரு தடவையும் 'டக்'.

"என்னடா?"

கேட்டது என்று சொன்னால், 'எனக்கே பாடமா' என்று அரைமணி நேரம் வசவு. அன்று முடிக்க வேண்டிய மோட்டார் நான்கு கிடந்தது.

"ஒண்ணுமில்ல மாமா. நல்லாத்தான் இருக்கு."

அடுத்த இரண்டு வருடம் அந்த மூட்டோடுதான் நடந்தார். கடைசியில் நடக்கவே முடியாமல் போனபோது நான்தான் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார்.

"பிளாஸ்டிக் தேஞ்சு தூளாகியிருக்கு. அந்தத் தூளை எதிர்த்து உடம்பு சண்டை போட்டதுல உள்ள அழற்சி. சுத்தி இருந்த எலும்பே கரைஞ்சு, மூட்டு ஆடுது. ஆரம்பத்துலயே வந்திருந்தா கிண்ணத்தை மட்டும் மாத்தியிருக்கலாம். இப்ப பெரிய ஆபரேஷன். அப்புறமும் பளு தூக்கக் கூடாது, குந்தி வேலை செய்யக் கூடாது. பட்டறையை மறந்துடுங்க."

மாமா தலை குனிந்துகொண்டார். எத்தனை பேரை இதே வார்த்தையால் கிழித்திருப்பார்! வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்தார். வசவு வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு நிஜமாவே உனக்குக் கேக்கலையாடா?"

"கேக்கல மாமா."

பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அப்ப உன்னை நம்பி நான் எப்படிடா பட்டறையை விட்டுட்டுப் போறது?"