எனக்குப் பிடித்த உளவாளியும் பக்கத்து வீட்டுக்காரரும்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் மில்லிக்கனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சீனர். என் வாசலிலும் பனி தள்ளித் தந்தவரைச் சாப்பிடக் கூப்பிட்டு, எனக்கு உயிரான பழைய உளவாளி நகைச்சுவைத் தொடரைப் போட்டேன். பனிப்போர் காலத்திலேயே சொந்த அரசாங்கத்தின் பயத்தைக் கிண்டலடித்த துணிச்சலான தொடர் அது. பாதியில், கண்களை இழுத்து ஒட்டி வேஷம் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் சீன வில்லனாக வந்தார். வருடக்கணக்காக நான் சிரித்த காட்சிதான், அன்று ரிமோட்டைத் தேடினேன்.

"உதை நிப்பாட்டுங்கோப்பா," என்றாள் மனைவி.

விருந்தாளி தடுத்தார். "என் அப்பாவுக்கும் இந்தத் தொடர் பிடிக்கும். இந்த ஆள் வரும்போது மட்டும் தேநீர் போட எழுந்து போவார்," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

தொடரை இன்றும் ரசித்துத்தான் பார்க்கிறேன். அந்த வில்லன் வரும்போது மட்டும் நானும் தேநீருக்குக் கேத்தில் வைக்க எழுந்துவிடுகிறேன்.