நாற்பது வீட்டு மாசிபத்திரி

இலையை நாக்கின் நடுவில் வைத்து, வாயை மூடி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் பொன்னையன். அப்போது யார் பேச்சுக் கொடுத்தாலும் ஒற்றை விரலைக் காட்டி நிறுத்திவிடுவார். நாலு நிமிஷம் கழித்துத் துப்பிவிட்டு, "இண்ணைக்கு வீரியம் உண்டு" என்பார். கசப்பு நாலு நிமிஷம் நின்றால்தான் அது மாசிபத்திரி. இரண்டு நிமிஷத்தில் போய்விட்டால் "வெறும் புல்லாக்கும்."

பாறசாலையில் டாக்டர் முத்துக்குமாரசாமியிடம் இருபத்திரண்டு வருஷமாகக் கம்பவுண்டர். வீடு குளத்தூரில். கிணற்றடி முழுக்க, இலையின் அடிப்பக்கம் சாம்பல் பூசின மாதிரி இருக்கும் அந்தச் செடிதான். அதன் கஷாயத்தைப் பற்றி நான் கூட்டிச் சொல்லப் போவதில்லை. வடிகட்டிய துணியை ஒரு நாள் வேலியில் காயப் போட்டார். அதில் அலகைத் துடைத்த காக்கை அன்று முதல் கரைவதில்லை, யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறது.

பசி எடுக்க, வயிற்று இரைச்சல் அடங்க என்று ஊரில் அதைக் குடிப்பவர்கள் உண்டு. பொன்னையனின் கண் மட்டும் பிள்ளைகளின் வயிற்றுப் புழு மேல். ஆஸ்பத்திரியில் அதற்குச் சாண்டோனின் பொடி இருக்கிறது; கப்பலில் வருவது. தின்ற பிள்ளைக்குச் சில சமயம் உலகமே மஞ்சளாகத் தெரியும். டாக்டரின் தடித்த புத்தகத்தைத் துடைக்கிற சாக்கில் படித்தபோதுதான், அந்தப் பொடியும் எங்கோ துருக்கிஸ்தானத்தில் முளைக்கும் இதே சாதிச் செடியின் மொட்டிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டார். "நம்ம மாசிபத்திரிக்க சித்தப்பன் மவனாக்கும் அது. அவன் கப்பல்ல வாறான், இவ கிணத்தங்கரையில நிக்கா. அவ்வளவுதான் வித்தியாசம்."

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்பது வீட்டில் சோதித்துப் பார். இருபது வீட்டுக்குக் கஷாயம், இருபது வீட்டுக்குக் கசக்கிற வேறு ஏதாவது கலந்த வெறும் தண்ணீர். எது எதுவென்று குடிப்பவர்களுக்குத் தெரியக் கூடாது. பலன் நன்றாக இருந்தால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு உன் பேரிலேயே எழுதி அனுப்புகிறேன் என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் சீட்டு ஒட்டிய புட்டி ஒன்றில்கூடப் பொன்னையன் பேர் வந்ததில்லை. மறுநாளே நெய்யாற்றங்கரைக்கு பஸ் ஏறி, கோட்டு இரவல் வாங்கி, காலேஜுக்கு அனுப்ப ஒரு போட்டோவும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

வெறும் தண்ணீருக்குக் கருகிய காப்பித்தூள் கசப்பைத் தந்தது. சீட்டுக் குலுக்கி இருபது வீட்டைத் தேர்ந்தார். பேர் எழுதி வைத்திருக்கலாம். ஆனால் அந்த நாற்பது வீடு இருந்த தெருக்களில் செல்லசாமிகள் மட்டும் நாலு பேர். ஆகவே கஷாய வீடுகளின் நடைக் கல்லில் காவியால் ஒரு பொட்டு வைத்தார். அங்கேதான் பிசகியது.

சென்ற வருஷம் எல்லைக் கமிஷன் வரும், அளக்கும், பிரிக்கும் என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருந்த சமயம். பாதிப் பேர் மதராசோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனார்கள். மீதிப் பேர் இப்போது போலவே திருவனந்தபுரத்தோடேயே இருப்போம் என்றார்கள். பொன்னையன் பொட்டைப் பார்த்து மூன்று காலை மருந்து கொடுத்தார். முதல் நாளே இருபது பொட்டு இருபத்தாறாக இருந்தது. தன் கணக்கு எப்போதும் மோசம் என்று நினைத்து இன்னும் ஒரு பானை காய்ச்சினார். மறுநாள் முப்பத்தொன்று. மூன்றாம் நாள், தாணுலிங்கம் பிள்ளையின் மனைவி கல்யாணசுந்தரி, கையில் காவிக் கிண்ணத்தோடு நடைக் கல்லில் குனிந்திருப்பதைக் கண்டார்.

"என்ன செய்யுதிய அம்மா?"

"மழையில கரைஞ்சு போச்சு கம்பவுண்டரே. பொட்டு உள்ள வீடெல்லாம் மதராசுக்காக்கும். எங்கள விட்டுட்டுப் போயிரப்பிடாது பாரும்."

எதிர்வீட்டு விஜயம்மா தேங்காய் நாரால் தன் வீட்டுக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக்காரருக்குத் திருவனந்தபுரத்துல சர்க்கார் ஜோலி. இந்தப் பொட்டக் கண்டா ஜோலி போவும். எந்த எரப்பாளி வச்சானோ!"

வைத்த எரப்பாளி புட்டிக் கூடையைக் கீழே வைத்தார்.

ஆனால் புழு அரசியல் பார்க்கவில்லை. தாய்மார் போட்டி போட்டுக்கொண்டு வந்து சொன்னார்கள். "எனக்க மவனுக்குப் பதினேழு!" என்றால், "எனக்க மவளுக்கு இருபத்திரண்டாக்கும், அதுல ஒண்ணு ஒரு சாண்!" என்று பதில் வரும். நாற்பதில் முப்பத்துமூன்று வீட்டில் புழு விழுந்திருந்தது.

சனிக்கிழமை டாக்டர், பொன்னையன் வீடு வீடாகப் புழுக் கணக்கைக் குறித்திருந்த நோட்டைப் புரட்டி முகம் மலர்ந்தார்.

"எலே பொன்னையா, முப்பத்துமூணு! ஒப்பம் போடு, திங்கக்கெழமையே அனுப்பீருவோம்."

பொன்னையன் பொட்டு இடம்மாறிய கதையைச் சொன்னார்.

"அதெல்லாம் காலேஜ்ல ஆரு கேக்கப் போறா? மாசிபத்திரியிலதான் விழுந்துதுன்னு ஒனக்குத் தெரியாதாடே?"

"நம்பிக்கை உண்டு சார்," என்றார் பொன்னையன். "ஆனா எந்தப் பிள்ள எதக் குடிச்சுதுன்னு எனக்குத் தெரியாதே."

பேனாவை எடுத்து, இன்னும் எழுதாமல் விட்டிருந்த 'பலன்' என்ற தலைப்பின் கீழே, முதல் வீட்டுக்கு நேராக, 'தெரியாது' என்று எழுதினார்.

"செரி, மிச்சத்துக்கு ஒரு கோடு இழுத்து விடுடே," என்று சலித்துக்கொண்டார் டாக்டர்.

பொன்னையன் பேனாவை மையில் நனைத்து, இரண்டாம் வீட்டுக்கு நேராகவும் அதையே முழுதாக எழுதத் தொடங்கினார்.