உடைத்துப் பார்க்காத புழுக்கை

யானை போட்டுவிட்டுப் போன புது லத்தியின் மேல் உள்ளங்கையை வைத்தால் கஞ்சிப் பானையின் வயிற்றைத் தொட்டதுபோல வெதுவெதுவென்று இருக்கும். மூங்கில் குருத்தும் புல்லும் சேர்ந்து புளித்த வாடை ஒன்று குப்பென்று ஏறும். எனக்கு அது அன்றைக்கும் அருவருப்பாகத் தோன்றியதில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை. சூடாக இருந்தால் யானை பக்கத்தில்தான் நிற்கிறது, வந்த வழியே திரும்பி ஓட வேண்டும். ஆறிப்போய் வண்டு மொய்த்திருந்தால் நிம்மதியாக உட்கார்ந்து கிளறிப் பார்க்கலாம். பத்து வயதில் எனக்குத் தெரிந்த கல்வியில் பாதி இப்படிக் குந்த வைத்துக் கற்றுக்கொண்டதுதான்.

முதல் உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால், அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் என் அப்பா காட்டிலாகாவில் கார்டாக இருந்தார். ரிசர்வுக் காட்டின் எல்லைக் கல் எங்கள் வீட்டுப் புழக்கடையிலிருந்து கூப்பிடு தூரம். கல்லுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் சர்க்கார். அந்தப் பக்கத்துப் புல்லை ஊர் ஆடுமாடு தின்றால் குற்றம், அதைப் பிடிப்பது அப்பாவின் வேலை. மத்தியானம் அவருக்குக் கஞ்சித் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கொடுத்துவிட்டு உடனே திரும்ப வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்புவாள். நான் என்றைக்காவது உடனே திரும்பியதாக நினைவில்லை.

ஓடைக்கரைப் பாறையின் மேல் கருவாட்டு நாற்றத்தோடு ஏதோ அப்பிக் கிடக்கும். குச்சியால் பிரித்தால் நண்டு ஓடும் மீன் செதிளும் தூள் தூளாக வரும், அது நீர்நாய். இலந்தைக் கொட்டையும் கறையானின் இறகும் குழைந்து கறுப்பாக ஒரு கும்பல் கிடந்தால் கரடி. முதல் தடவை அதைப் பார்த்தபோது, நாவல்பழம் தின்ற யாரோ தடியன் ஒருவன் வழியிலேயே அசிங்கம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்து, விறகு வெட்ட வந்த ஆட்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். பனம்பழ நார், காய்ந்த வாலைப்போல முறுக்கிக்கொண்டு கிடந்தால் மரநாய். முனையில் மயிர் நீண்டு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் சிறுத்தை. அதற்குள் ஒரு தடவை மிளா மான் கன்றின் குளம்பு நகம் முழுசாக இருந்தது, அதை எடுத்து வந்து கொட்டாங்கச்சியில் போட்டு வைத்தேன்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அப்பாவுக்குத் தடம் தெரியும், மரம் தெரியும், இதில் அவ்வளவு ஈடுபாடு கிடையாது. நானாகத்தான் எனக்கு ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன்: கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது, உடைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மேலுக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும், தின்றது என்ன என்பது உள்ளேதான் இருக்கும்.

அம்மா பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்த உபதேசியார் மகள். வெள்ளைச் சேலையில் ஒரு பொட்டு அழுக்கு பட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. அவள் வயிற்றில் நான் வந்து பிறந்ததை என்னவென்று சொல்ல! என் கொட்டாங்கச்சிகளை வரிசையாகக் கண்ட அன்று அவள் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த புறாக்கள் பறந்துவிட்டன.

"ஏட்டி, சீ! கைய சாம்பல் போட்டு மூணு தடவ கழுவிட்டு உள்ள வா. நாளைக்கு ஒன்னைய ஒருத்தன் வந்து கெட்டணும்லா? பொண்ணுக்கு என்ன தெரியும்னு கேட்டா என்னத்தச் சொல்ல? பீய பாத்து பேரு சொல்லும்னா?"

அப்பா வாய்க்குள் சிரிப்பார். ஆனால் விறகு வெட்டிகளும் தேனெடுப்பவர்களும் அதற்குள் எனக்கு "பீ சோசியக்காரி" என்று பட்டம் கட்டிவிட்டார்கள். வழியில் எதையாவது கண்டால், "சோசியக்காரி, இங்கன வந்து ஒரு பார்வ பாரு" என்று கூப்பிடுவார்கள். நான் குச்சியோடு உட்கார்ந்து, உடைத்து, மோந்து, நிமிர்ந்து ஒரு பெயர் சொல்வேன். அவர்கள் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலில் எனக்குத் தலைகால் புரியாமல் போய்விட்டது.

அந்த வருஷம் பங்குனியிலேயே காடு காய்ந்தது. எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு பச்சைக் கொழுந்து கிடையாது. அப்படியொரு நாளில் ரேஞ்சர் குதிரையில் வந்து இறங்கினார். அப்பாவுக்கு பாரஸ்டர் வேலை கொடுப்பதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம். அதற்கு இவர் ஒரு வரி நல்லதாக எழுத வேண்டும். நான் கஞ்சித் தூக்கோடு போய்ச் சேர்ந்தபோது, எல்லைக்குள் ஒரு புதர் ஓரத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். கீழே புழுக்கை ஒரு குவியலாகக் கிடந்தது.

"என்னவே இது? உம்ம காவல்ல ஆடு மேயுதா?" என்றார் ரேஞ்சர்.

அப்பா குனிந்து பார்த்துத் தயங்கினார். "மான் வகையாவும் இருக்கலாம் அய்யா..."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவ்வளவு பெரிய தொப்பிக்காரர் எதிரில் என் வித்தையைக் காட்டாமல் போனால் உயிர் போய்விடும்போல இருந்தது. "வெள்ளாட்டுப் புழுக்கைதாம்ப்பா!" என்றேன். உட்காரவில்லை, குச்சி எடுக்கவில்லை, உடைத்துப் பார்க்கவில்லை.

ரேஞ்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "பச்சப் பிள்ளைக்குத் தெரியுது, உமக்குத் தெரியல்லியே வே!" என்று சொல்லிக்கொண்டே காகிதத்தை எடுத்து ஆடு மேய்ந்த குற்றத்தை எழுதினார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார்.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் வெள்ளாடு வைத்திருந்தவள் பேச்சியக்கா ஒருத்திதான். புருஷன் கொழும்புக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போய் நாலு வருஷமாகத் தகவல் இல்லை. ஐந்து ஆடும் இரண்டு குட்டியும்தான் அவள் குடும்பம். அன்று சாயங்காலமே ஐந்தையும் ஓட்டிக்கொண்டுபோய்ப் பவுண்டு என்கிற சர்க்கார் பட்டியில் அடைத்தார்கள். குட்டிகள் இரண்டும் வீட்டில் கட்டிக் கிடந்து கத்தின. எங்கள் வீட்டுக்கு அது நன்றாகக் கேட்கும்.

மறுநாள் காலையில் பேச்சியக்கா வந்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அப்பாவை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தாள்.

"ஆட்டுப் புழுக்கைனு சொன்னது நீதானாமே பிள்ளே? ஒடைச்சுப் பாத்தியா?"

அவ்வளவுதான் கேட்டாள். அவள் போய்விட்டாள். அன்றைக்குப் பழைய சோற்றை அப்படியே மூடி வைத்தேன். குட்டிகளின் சத்தம் காதைக் கிழித்தது. என்மேல் எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் புதரடிக்குப் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்தேன். பேச்சியக்காவின் தொழுவிலிருந்து நாலு புழுக்கை பொறுக்கி வந்து பக்கத்தில் வைத்து உடைத்தேன். இரண்டுக்குள்ளும் இலைத் தூள். இரண்டும் ஒரே அளவு. என் சோசியம் அங்கே படுத்துவிட்டது. ஆனால் ஒன்று கண்ணில் பட்டது: குவியலின் அடியில் இருந்தவை வெளுத்துப் பொடிந்து மாசக் கணக்கில் பழசாக இருந்தன, மேலே இருந்தவை கறுப்பாக இருந்தன. ஆடு நடந்துகொண்டே சிதறிவிட்டுப் போகிற சாதி. இப்படி ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து போட அதற்கு என்ன வேண்டுதல்?

மூன்றாம் நாள் விடிந்து வெயில் ஏறுவதற்குள் ஓடினேன். குவியலின் உச்சியில் ஒரு கை அளவு புதிதாகக் கிடந்தது. ஈரம் மினுமினுத்தது, தொட்டால் இன்னும் மெத்தென்று இருந்தது. ஐந்து ஆடும் பவுண்டில் இருக்கின்றன, குட்டிகள் கயிற்றில் இருக்கின்றன, பின்னே யார் போட்டது? நான் குனிந்திருக்கும்போதே புதருக்குப் பின்னால் நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம். செம்மண் நிற முதுகு ஒன்று தாவிச் சரிவில் இறங்கி மறைந்தது. கேளை! நாய்போலக் குரைக்கிற அந்தச் சின்ன மான். எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது. அடுத்த நிமிஷமே நினைவு வந்தது, இதை அப்பாவிடம் சொல்ல வேண்டுமே!

சொன்னேன். நான் மடியில் கொண்டுவந்த புதுசையும் பழசையும் அப்பா உடைத்துப் பார்த்தார். "ரேஞ்சர் எழுதியாச்சேட்டி" என்றார் பிறகு. சற்றுக் கழித்து எழுந்து தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, புதுப் புழுக்கையையும் பழசையும் தேக்கிலையில் தனித்தனியாகப் பொதிந்து, என்னையும் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரத்துக்கு நடந்தார்.

ரேஞ்சர் இலையைப் பிரித்ததும் முகம் சுளித்தார். "முந்தாநேத்து ஆடு, இன்னைக்கு மானா? அந்தக் காட்டுக்குக் கார்டு நீரா, உம்ம மகளா வே?"

ரேஞ்சர் ஆபீசில் அவ்வளவு பேர் எதிரில் அப்பா கைகட்டி நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "தப்பு என்மேலதான் அய்யா. சின்னப்பிள்ள சொன்னதுக்கு நான் ஒடைச்சுப் பாக்காம தலையாட்டிட்டேன். அந்தப் பொம்பளைக்கு அந்த அஞ்சு ஆட்ட விட்டா வேற கதியில்ல" என்றார்.

ஆடுகளை விட்டுவிட்டார்கள். பாரஸ்டர் வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. திரும்பி வரும்போது அப்பா என்னைத் திட்டவில்லை, பாதி வழி வந்ததும், "கால் வலிக்கா, ஏட்டி?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

இரண்டு நாள் கழித்துப் பேச்சியக்கா ஒரு செம்பு நிறைய ஆட்டுப்பால் கொண்டு வந்தாள். அம்மா செம்பை உள்ளே எடுத்துக்கொண்டு போன சமயம், அவள் என்னைப் புழக்கடைப் பக்கம் பைய இழுத்துக்கொண்டு போனாள். அவள் கண்ணில் ஒரு குறும்பு இருந்தது.

"ஒனக்கு மட்டும் சொல்லுதேன், வெளிய மூச்சு விடாத. ஆடு உள்ள மேஞ்சது நெசந்தான். ஓடைக்கு அங்கிட்டு, ஒங்க அப்பா சாப்பிட உக்காருத நேரம் பாத்து ஓட்டிக்கிட்டுப் போவேன். இந்தக் காஞ்ச காலத்துல வேற எங்கன போக? ஆனா என் ஆட்டுப் புழுக்கை ஒண்ணு கெடைக்குமா ஒங்களுக்கு? ஓலப்பெட்டியில ஒண்ணுவிடாம பொறுக்கிக்கிட்டுலா வருவேன்! என் மொளகாச் செடிய வந்து பாரு, எப்படிச் சடைச்சு நிக்குன்னு."

சொல்லிவிட்டு வாயைச் சேலைத்தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றேன். உள்ளே அப்பா அந்தப் பாலைக் குடித்துக்கொண்டே அம்மாவிடம், "நல்ல மனுஷி. நாம பண்ணின அநியாயத்துக்கு ஒரு வார்த்த கோவமாப் பேசுனாளா பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த ஓடை அணைத் தண்ணீருக்குள் போய்விட்டது. எல்லைக் கல்லை எங்கெங்கோ மாற்றி நட்டிருக்கிறார்கள். போன வருஷம் பேரனோடு அந்தப் பக்கம் போனபோது, நீர் விளிம்பில் உட்கார்ந்து ஏதாவது கிடக்கிறதா என்று தேடினேன். பாட்டி எதைத் தொலைத்துவிட்டாள் என்று அவன் விழித்தான். ஒன்றும் கிடக்கவில்லை.

அப்பா கடைசிவரை கார்டாகவே இருந்து ஓய்வு பெற்றார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்வார்: நிரபராதியான ஒரு ஏழையின் ஆடுகளை, உத்தியோகம் போனாலும் போகட்டும் என்று மீட்டுக் கொடுத்த கதை. அவர் வாழ்நாளில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. சொல்லி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "என்னட்டி, சரிதான? நீதான கண்டுபிடிச்ச?" என்று கேட்பார்.

"சரிதாம்ப்பா" என்பேன். அந்தப் புழுக்கை கேளை போட்டதுதான், அதில் பொய் இல்லை. மற்றதை அவர் கண்ணை மூடுகிறவரை நான் சொல்லவில்லை.