ரெண்டு பேரும் கழற்றாத கம்பளிச் சட்டை

கோணலாகத்தான் எழுதுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். படித்தது அஞ்சாவது வரைக்கும். இப்போது மறதி வேறு; ஒன்றைச் சொல்ல வந்தால் இன்னொன்று நழுவிவிடுகிறது.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஷீட் போட்ட ரூம் ஒன்று உண்டு. அதில் ஒரு பெண் புருஷனோடு குடியிருந்தாள். வீட்டாருக்குப் பிடிக்காத கல்யாணம். அதனால் பிள்ளை பெற்றபோதும் துணைக்கு யாரும் வரவில்லை. புருஷன் லாரி ஓட்டப் போனால் வாரம் கழித்துத்தான் வருவான். அவள் ஜவுளிக்கடையில் சேல்ஸ் பெண். லீவு முடிந்து கடையில் கூப்பிட்டபோது, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என் முழங்காலைக் கேட்காமல் வாய் சொல்லிவிட்டது.

பொங்கல் கழிந்த சமயம். விடியும்போது பனி கொட்டும்; உச்சிப்பொழுதுக்குள் அந்த ஷீட் ரூம் அடுப்பாகிவிடும். பிரான்சிலிருக்கும் என் அண்ணன் மகள், ஊருக்கு வந்தபோது தன் பிள்ளைக்குச் சின்னதாகிப் போன கம்பளிச் சட்டை ஒன்றை என்னிடம் விட்டுப் போயிருந்தாள். அந்த ஊர்க் குளிருக்குப் பின்னியது. பூனைக்குட்டி கனம் இருக்கும். அதை இந்தப் பிள்ளைக்குக் கொடுத்தேன். பெற்றவளும் தினமும் காலையில் அதைப் போட்டு, குல்லாய் மாட்டி, காலுறையும் இழுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

முதல் வாரத்திலேயே ஒருநாள், தூங்கிய பிள்ளை முனகியது. படியேறிப் போய்ப் பார்த்தேன். முகமெல்லாம் சிவந்து, பிடரி முடி நனைந்து ஒட்டியிருந்தது. தொட்டால் கொதித்தது. சட்டையில் கை வைத்தேன், கையை எடுத்துவிட்டேன். பெற்றவள் போட்டது, நான் எப்படிக் கழற்றுவது? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முனைக் கடைக்கு ஓடினேன். அங்கே ஒரு ரூபாய் போன் இருந்தது. நான் அதுவரை யாருக்கும் போன் பேசினதில்லை. அவள் எழுதிக் கொடுத்திருந்த நம்பரைக் கடைக்காரனிடம் நீட்டினேன்.

"நீயே சொல்லுப்பா. புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குதுன்னு சொல்லு."

"அந்தப் பொண்ணு பயந்துடப் போவுது ஆயா."

"நானே பயந்துதான் வந்திருக்கேன்."

பாதி வேலையில் கிளம்பினால் திரும்ப வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் முன்பே சொல்லியிருந்தான். அப்படியும் ஆட்டோவில் வந்து இறங்கினாள். பிள்ளையை வாங்கினவள் என்னைப் பார்த்தாள்.

"ஏன் ஆயா, சட்டையக் கழட்டலயா?"

"நீ போட்டு உட்டதும்மா. நான் எப்புடிக் கழட்டுவேன்?"

"நீங்க குடுத்ததாச்சேன்னு போட்டேன் ஆயா! போடலன்னா மனசு சங்கடப்படுவீங்களேன்னு. எனக்கு அதப் பாத்தாலே வேர்க்குது."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் மளமளவென்று எல்லாவற்றையும் கழற்றினாள். ஈரத்துணியால் துடைத்து, பால் கொடுத்து, மெல்லிய பருத்திச் சட்டையோடு ஃபேனுக்கடியில் மல்லாக்கப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் சூடு அடங்கியது. காய்ச்சலே இல்லை.

"போம்மா, ஓடு. வேலை போயிடப்போவுது."

வேலை போகவில்லை. ஆனால், "சட்டையக் கழட்டத் தெரிஞ்ச ஆளே இல்லியா உங்க வூட்டுல?" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டானாம். சாயங்காலம் வந்து சொன்னாள். சிரிக்கக்கூட ரெண்டு பேருக்கும் தெம்பில்லை.

பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போனபோது நர்ஸம்மாவிடம் கேட்டுவந்தாள். கையும் காலும் சில்லென்றிருப்பதை வைத்து முடிவு செய்யக்கூடாதாம். பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பார்க்க வேண்டுமாம். தூங்கும்போது குல்லாய் கூடாது, முகம்வரை போர்த்தக் கூடாது. போட்டது யாரானாலும், வேர்த்தால் கழற்றிவிடுவது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

பேசிக்கொள்வது சுலபம். ஏறுவது நான்தானே. வெயில் ஏறினால் ஒரு நடை, கடல்காற்று திரும்பினால் ஒரு நடை. பிடரியைத் தொடுவது, கழற்றுவது, மறுபடி போடுவது. பிள்ளை நன்றாகத் தூங்கியது. நான்தான் சுவரில் சாய்ந்தபடி கண்ணசந்துவிடுவேன். கம்பளிச் சட்டை என் பெட்டிக்கே வந்துவிட்டது.

பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகு அவர்கள் அரியாங்குப்பம் பக்கம் குடிபோனார்கள். அதுவரை அவள் அந்த ஜவுளிக்கடையில்தான் இருந்தாள்.

நர்ஸம்மா சொன்னதில் குல்லாய் விஷயம் நன்றாக நினைவிருக்கிறது. மற்றதைச் சரியாக எழுதினேனா என்று தெரியவில்லை. பச்சைப்பிள்ளை விஷயம். விவரம் தெரிந்த யாராவது ஒருமுறை பார்த்து, தப்பிருந்தால் அடித்துத் திருத்திவிடுங்கள். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.