முதல் குண்டு சுடாத துப்பாக்கி

ஹோய்ட் பிக்கெட் செத்துப்போன வருஷம், வாத்து வேட்டைப் பரணில் அவனுடைய இடம் காலியாயிற்று. அந்த இடம் தனக்கு வேண்டும் என்று அவன் பெண்டாட்டி ஆர்வெல்லா வந்து கேட்டபோது நாங்கள் எல்லோரும் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் காட்டில் பெண்கள் சுடுவதில்லை என்று சட்டம் ஒன்றும் கிடையாது. எங்கள் பரணில் மட்டும் அதுவரை ஒரு பெண்ணும் சுட்டதில்லை.

பரண் கார்விஸ் லோவ்டன் கட்டியது. தண்ணீரில் நிற்கிற கருவாலி மரங்களுக்கு நடுவே பலகை அடித்து, ஓலையும் நாணலும் செருகி, நாலு பேர் நெருக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு கூண்டு. வாத்துக் குரலில் ஊதல் ஊதி வாத்தை இறக்குவது அவன்தான், "அடி!" என்று கத்துவதும் அவன்தான். அவன் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான். "ஹோய்ட் முகத்துக்காக ஒரு சீசன் பாப்போம், மிஸ் ஆர்வெல்லா. கடைசி விருந்துல பேசி முடிவு பண்ணிக்கலாம்."

கடைசி விருந்து என்பது சீசன் முடிகிற ராத்திரி கார்விஸ் வீட்டில் நடக்கிற வாத்துக் குழம்புச் சாப்பாடு. அடுத்த வருஷம் யார் யார் பரணில் என்பது அங்கேதான் தீர்மானமாகும். கார்விஸுக்கு ட்ரென்ட் என்று ஒரு மருமகன் இருந்தான். அவன் கண் அந்த நாலாவது இடத்தின் மேல் இருப்பது ஊருக்கே தெரியும்.

ஆர்வெல்லா அரிசி ஆலையில் எடை மேடை பார்க்கிறவள். நான் லாரி ஓட்டுகிறவன். இருபது வருஷமாக என் லாரியை எடை போட்டிருக்கிறாள். ஒரு நாள் கூட தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஹோய்டின் பூட்ஸோடு ஒட்டிய ரப்பர் கால்சட்டையை மூன்று ஜோடி சாக்ஸ் போட்டு நிரப்பிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். கையில் ஹோய்டின் புதுத் துப்பாக்கி. அவன் ஒரு வருஷம் பத்திரிகை பத்திரிகையாகப் புரட்டி, கடை கடையாக ஏறி இறங்கி, ஆசைப்பட்டு வாங்கியது. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற ரகம். தண்ணீருக்கு எடுத்து வருவதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டான். ஆக அந்தத் துப்பாக்கி நல்லதா கெட்டதா என்று சொல்ல உலகத்தில் யாரும் இல்லை.

முதல் நாளே மானம் போயிற்று. வாத்துகள் இறக்கையை விரித்து, காலை நீட்டி, மரக்கிளைகளுக்கு நடுவே இறங்கின. கார்விஸ் "அடி!" என்றான். நாங்கள் மூன்று பேரும் சுட்டோம். ஆர்வெல்லாவின் துப்பாக்கி "டிக்" என்றது. அவ்வளவுதான். அவள் அவசரமாகக் கைப்பிடியை இழுத்துவிட்டு மறுபடி சுடுவதற்குள் வானம் காலி.

அடுத்தடுத்த நாளும் அதே கதை. ஒரு நாள் சுடும், ஒரு நாள் டிக். ஊரில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிற கடைக்காரர் பிரித்துத் துடைத்து எண்ணெய் விட்டார். கடைக்குப் பின்னால் அவரே பெட்டி பெட்டியாகச் சுட்டுப் பார்த்தார். ஒரு தடவை கூட தவறவில்லை. அதைக் கேள்விப்பட்டு கார்விஸ் குஷியாகிவிட்டான்.

"அவர் கையில சுடுது, உன் கையில சுடல. அப்போ யாரு ரிப்பேரு?"

"கம்பெனிக்குப் போன் பண்ணலாம்னு இருக்கேன்," என்றாள் ஆர்வெல்லா.

"பண்ணு, பண்ணு. துப்பாக்கியில ஒரு குறையும் இல்லேன்னு அவனும் சொல்லிட்டா? அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இங்க வருவ?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். கார்விஸ் கெட்டவன் இல்லை, வாய்க்கொழுப்பு அதிகம். ஆனால் அந்தப் பேச்சு அவள் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. கம்பெனி நம்பரை ஒரு சீட்டில் எழுதி எடை மேடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தாள். கிறிஸ்துமஸ் போயிற்று, புது வருஷம் வந்தது. சீட்டு அங்கேயே இருந்தது.

ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "போன் பண்ணா என்ன, கடிச்சா தின்னுடுவான்?"

"உனக்குப் புரியாது, வெர்ன்," என்றாள். "துப்பாக்கி கெட்டதுன்னா ஹோய்ட் ஏமாந்துட்டான்னு அர்த்தம். அந்த மனுஷன் கடைசியா ஆசைப்பட்டு வாங்கின சாமான் அது. துப்பாக்கி நல்லதுன்னா நான் லாயக்கில்லேன்னு அர்த்தம். ரெண்டுல எதைக் கேக்கணும்னு நான் போன் பண்றது?"

தெரியாமலே இருந்துவிட்டால் இரண்டு பேருக்கும் மரியாதை மிச்சம் என்று அவள் நினைத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் தெரியாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் ட்ரென்ட் அந்தப் பலகைக்கு ஓரடி நெருங்கிக்கொண்டிருந்தான். அது அவளுக்கும் தெரியும்.

சீசனின் கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் லாரியை மேடையில் நிறுத்தியபோது, ஆர்வெல்லா சீட்டைப் பிய்த்துக் கையில் வைத்திருந்தாள். "உள்ள வா. தனியா கேக்க தைரியம் இல்ல," என்றாள். போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேஜைமேல் வைத்தாள். மறுமுனையில் ஒரு பையன் குரல், வடக்கத்திப் பேச்சு. என்ன தோட்டா, என்ன எண்ணெய் என்று பொறுமையாகக் கேட்டான்.

"டிக்னு நிக்கிறது முதல் குண்டா, ரெண்டாவதா மேடம்?"

ஆர்வெல்லா யோசித்தாள். "முதல் குண்டு. எப்பவுமே முதல் குண்டுதான்."

"துப்பாக்கிய எங்க வெச்சு லோட் பண்றீங்க?"

"பரண்லதான். விடியறதுக்கு முன்னாடி."

"போல்ட்ட எப்படி மூடறீங்க?"

தோட்டாவை உள்ளே தள்ளி மூடுகிற இரும்புக் கட்டைதான் போல்ட். "கைப்பிடியப் புடிச்சு மெதுவா விடுவேன். சத்தமே வராது," என்றாள். அதில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

"ஏன் மேடம்?"

"ஏன்னா? வாத்துக்குக் கேக்குமே!"

"அப்படி மூடாதீங்க மேடம். இழுத்துட்டு விட்டுடுங்க. அது போய் அடிக்கணும். அடிச்சாத்தான் உள்ள திரும்பிப் பூட்டிக்கும். மெதுவா விட்டா மூடின மாதிரி இருக்கும், பூட்டியிருக்காது. பூட்டலேன்னா சுடாது. துப்பாக்கியோட வந்த புத்தகத்துல இருக்கு."

புத்தகமாம். எங்கள் ஊரில் துப்பாக்கிப் பெட்டிக்குள் இருக்கிற புத்தகத்தை அடுப்புப் பற்றவைக்கத்தான் எடுப்பார்கள்.

போனை வைத்த பிறகு அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். முகம் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவள் பரணுக்கு வந்த முதல் காலை, இருட்டில் எல்லோரும் தோட்டா போட்டுக்கொண்டிருந்தபோது அவள் துப்பாக்கி "கடக்" என்று மூடிற்று. கார்விஸ் எரிந்து விழுந்தான்: "ஷ்ஷ்! என்ன பொம்பள நீ, கதவ சாத்தற மாதிரி! மிசூரி மாநிலம் வரைக்கும் கேக்கும்!" எங்களுடையதெல்லாம் கையால் இழுத்து இழுத்துச் சுடுகிற பழைய ரகம், மெதுவாக மூடினாலும் சுடும். பரணுக்கு வருகிற எவனுக்கும் நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான், சத்தம் வராமல் மூடு என்று. அவளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தோம். கார்விஸ் அதட்டியதும் அவள் பயந்துபோய், போட்டிருந்த தோட்டாவை எடுத்து, திரும்பவும் போட்டு, சத்தமில்லாமல் மூடினாள். கடைக்குப் பின்னால் வாத்து ஏது? கடைக்காரர் இழுத்து விட்டிருப்பார், சுட்டது.

"இடம் போயிடக் கூடாதுன்னுதான் வாய மூடிக்கிட்டு, போல்ட்ட மூடிக்கிட்டு இருந்தேன்," என்றாள் ஆர்வெல்லா. "ஹோய்ட் நல்லதாத்தான் வாங்கியிருக்கான், வெர்ன்." அப்புறம் அழுதாள். நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் கடைசி வேட்டை. இருட்டில் நாலு பேரும் நின்றோம். என் நாய் பலகையில் நடுங்கிக்கொண்டிருந்தது. சுடுகிற நேரம் நெருங்கியது. நாங்கள் மூன்று பேரும் பூனை மாதிரி தோட்டா போட்டு மூடினோம். அப்புறம் காடே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம்.

கடக்!

"யேசுவே!" என்றான் கார்விஸ். "என்ன பண்ற நீ? மிசூரி வரைக்கும்..."

"கேக்கட்டும்," என்றாள்.

வெளிச்சம் வந்தது. கார்விஸ் கோபத்தோடுதான் ஊதினான். இருந்தாலும் வாத்துகள் வந்தன, எந்தச் சத்தமும் கேட்காதவை போலச் சுற்றிச் சுற்றி இறங்கின. "அடி!" ஆர்வெல்லாவின் முதல் குண்டுக்கு ஒரு பச்சைத்தலை ஆண் வாத்து தண்ணீரில் விழுந்தது. இரண்டாவதுக்கு இன்னொன்று. நாய் எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் அவளைத் திரும்பிப் பார்த்தது.

அன்று ராத்திரி விருந்தில் குழம்பு பரிமாறிய பிறகு கார்விஸ் தொண்டையைச் செருமினான். ட்ரென்ட் பக்கத்தில் தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

"அந்த நாலாவது இடத்தப் பத்தி..." என்று ஆரம்பித்தான் கார்விஸ். "மிஸ் ஆர்வெல்லா, ஏதோ இன்னிக்கு ஒரு நாள் நல்லா சுட்டுட்ட, ஒத்துக்கறேன். கம்பெனிக்குப் போன் பண்ணியாமே, எந்த சாமான மாத்தச் சொன்னான்?"

"ஒண்ணும் மாத்தச் சொல்லல. துப்பாக்கியில குறை இல்லேன்னு சொல்லிட்டான்."

கார்விஸ் முகம் மலர்ந்தது. "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல?"

"சொன்ன. முதல் நாளே சொன்ன, சத்தம் போடாம மூடுன்னு. கம்பெனிக்காரன் சொல்றான், அப்படி மூடினா சுடாதாம். யாரு மேடம் உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததுன்னு அவன் கேக்கல. கேட்டிருந்தா உன் பேரச் சொல்லியிருப்பேன்." முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் எங்கயும் போகல, கார்விஸ். உன் மருமகனுக்கு இடம் வேணும்னா நீ எழுந்து குடு."

முதலில் சிரித்தது கார்விஸின் பெண்டாட்டி. அப்புறம் நான். கடைசியில் கார்விஸே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, பானையை இழுத்து அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினான். ட்ரென்ட் மட்டும் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.